எங்கள் பள்ளியில் என்ன கோளாறு? வெளிநாட்டு டீமை அழைத்துக் கேட்கும் நாடுகள்

வீட்டு வரவு செலவு நோட்டை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்து, "எங்கே தப்பு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று யாராவது கேட்பார்களா? நாடுகள் கேட்கின்றன. அதுவும் அரசியல்ரீதியாக ரொம்பவே சூடான பள்ளிக் கல்வி விஷயத்தில், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒரு நாட்டின் கல்வி அமைச்சகம் பிற நாட்டு நிபுணர்களை வரவழைக்கிறது. அவர்கள் பள்ளிகளுக்குப் போகிறார்கள், ஆசிரியர்களிடம் பேசுகிறார்கள், பைல்களைப் புரட்டுகிறார்கள். பிறகு ஒரு ரிப்போர்ட் எழுதுகிறார்கள். அது உலகம் முழுவதும் படிக்கும்படி வெளியாகிறது. பாராட்டும் இருக்கும், திட்டும் இருக்கும். இதற்குப் பெயர் 'பியர் ரெவியூ'. அதாவது சமநிலையில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடுவது.

இதனால் பள்ளிகள் மாறுகின்றனவா? அயர்லாந்து, ஜப்பான், வேல்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன.

யார் நடத்துகிறார்கள்?

பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஓஇசிடி, அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட நிதியை ஐரோப்பிய நாடுகள் பங்கிட்டுக்கொள்ள 1948-ல் ஓர் அமைப்பு உருவானது. 'உன் கணக்கை நான் பார்க்கிறேன், என் கணக்கை நீ பார்' என்கிற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. 1961-ல் அந்த அமைப்பு ஓஇசிடியாக மாறியபோது பழக்கமும் கூடவே வந்தது. இன்று 38 நாடுகள் உறுப்பினர்கள். இந்தியா உறுப்பினர் இல்லை; 'முக்கியக் கூட்டாளி' என்கிற தகுதியில் வெளியே நிற்கிறது.

நடைமுறை சிம்பிள்தான். ரெவியூ கேட்கும் நாடு முதலில் தன்னைப் பற்றித் தானே ஒரு பின்னணி அறிக்கை எழுத வேண்டும். பிறகு ஓஇசிடி அதிகாரிகளும் வேறு நாடுகளைச் சேர்ந்த வெளி நிபுணர்களும் கொண்ட சிறு டீம் நேரில் வரும். அமைச்சகம், ஆசிரியர் சங்கங்கள், பெற்றோர், பள்ளிகள் என்று சந்திப்புகள் நடக்கும். வரைவு அறிக்கை தயாரானதும் அந்த நாட்டு அரசுக்கு அனுப்பி, தகவல் பிழை இருந்தால் திருத்திக்கொள்வார்கள். செலவு? பெரும்பாலும் ரெவியூ கேட்கும் அரசேதான் கொடுக்கும்.

பழைய நாட்களில் இதில் இன்னொரு கட்டமும் இருந்தது. அமைச்சரும் அதிகாரிகளும் பாரிஸுக்குப் போய், மற்ற உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் முன்னால் உட்கார்ந்து, ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டும். பிஎச்டி வைவா மாதிரி, ஆனால் ஒரு நாட்டுக்கே.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓஇசிடிக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. உலக வங்கிக் கடன் போல, "இதைச் செய்தால்தான் அடுத்த தவணை" என்று சொல்லவும் முடியாது. ரிப்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் கேட்பாரில்லை.

அயர்லாந்து: எண்கள் கையில், அறிவிப்பு மேடையில்

1960-களின் தொடக்கத்தில் அயர்லாந்து ஏழை நாடு. கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டணம் உண்டு; பெரும்பாலான பள்ளிகள் மத அமைப்புகளின் கையில் இருந்தன.

அப்போது ஓஇசிடி, 'ஒரு நாட்டின் கல்வியை அதன் பொருளாதாரத் தேவையோடு சேர்த்து அளந்து பார்க்கலாமா?' என்று முன்னோடி ஆய்வுகளுக்கு நாடுகளைத் தேடியது. அயர்லாந்து கை தூக்கியது. பேட்ரிக் லிஞ்ச் என்கிற பொருளாதார அறிஞர் தலைமையில் குழு அமைந்தது. குழுவில் இருந்தவர்கள் ஐரிஷ்காரர்கள்தான். ஓஇசிடியின் குடையும் முறையும்தான் வெளியிலிருந்து வந்தவை. 'கல்வியில் முதலீடு' என்ற பெயரில் அவர்கள் தந்த அறிக்கை அங்கே இன்றைக்கும் பேசப்படுகிறது.

அதிலிருந்த எண்கள் சங்கடமானவை. எந்த வர்க்கத்தில் பிறந்தோம், எந்தப் பகுதியில் வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு குழந்தை எவ்வளவு தூரம் படிக்கும் என்பது முடிவாகிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் சுமார் 17,000 குழந்தைகள், அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர், தொடக்கப் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1966 செப்டம்பர் 10, சனிக்கிழமை. பத்திரிகையாளர் சங்க நிகழ்ச்சி ஒன்றில் பேசிய கல்வி அமைச்சர் டொனோ ஓமாலி, அந்த 17,000 என்கிற எண்ணைச் சொல்லி, இது நாட்டின் மனசாட்சிக்கே களங்கம் என்றார். அதே மேடையில் உயர்நிலைக் கல்வி இனி இலவசம் என்று அறிவித்துவிட்டார். நிதியமைச்சகத்தின் ஒப்புதல் கிடையாது. அமைச்சரவை முடிவும் கிடையாது. நிதியமைச்சர் ஜாக் லிஞ்ச் கொதித்துப்போனார். ஆனால் மக்கள் கேட்டுவிட்டார்களே! திரும்பப் பெற முடியவில்லை. 1967-ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி பஸ்ஸும் வந்தது.

இதில் ஓஇசிடியின் பங்கு என்ன? பஸ் விட்டது ஓஇசிடி இல்லை. ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்கவும் பாரிஸிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. ஊர் ஆசிரியர் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் 'எல்லோருக்கும் தெரியும்' என்கிற நிலையில் இருந்த விஷயம், மறுக்க முடியாத எண்ணாக அச்சில் ஏறியது. துணிச்சலான ஓர் அமைச்சர் அதைக் கையில் எடுத்தார்.

ஜப்பான்: 18 வயதில் தலையெழுத்து

1970 ஜனவரியில் ஐந்து பேர் ஜப்பான் போனார்கள். சாதாரண ஐந்து பேர் இல்லை. பிரான்ஸின் முன்னாள் பிரதமரும் கல்வி அமைச்சராக இருந்தவருமான எட்கர் ஃபோர், ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த எட்வின் ரைஷவர், நார்வேயின் அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங், பிரிட்டிஷ் சமூகவியலாளர் ரொனால்ட் டோர், இஸ்ரேலியச் சமூகவியலாளர் ஜோசப் பென்-டேவிட். இப்படி ஒரு டீமை இன்று ஒரே மேஜையில் உட்கார வைப்பதே கஷ்டம்.

ஜப்பானின் பொருளாதாரம் அப்போது ராக்கெட் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிகளில் கற்பித்தல் தரத்தை டீம் பாராட்டியது. ஆனால் அவர்கள் கை வைத்த இடம் வேறு: பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 18 வயதில் எழுதும் அந்தத் தேர்வுதான் ஒருவர் எந்தப் பல்கலைக்கழகம், எந்த நிறுவனம், எந்த அந்தஸ்து என்பதை வாழ்நாள் முழுமைக்கும் தீர்மானிக்கிறது. அதன் நிழல் உயர்நிலைப் பள்ளி வரை, அதற்கும் கீழே வரை விழுகிறது என்று எழுதினார்கள். (நீட், ஜேஇஇ கோச்சிங் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.)

இந்த ரிப்போர்ட் ஜப்பானிலும் பேசப்பட்டது. 1979-ல் தேசியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது முதல்நிலைத் தேர்வு கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் பல்கலைக்கழகங்களின் தனித் தேர்வுகள் தொடர்ந்தன. டியூஷன் சென்டர்கள் குறையவில்லை, பெருகின. 'தேர்வு நரகம்' என்கிற சொல்லும் ஜப்பானை விட்டுப் போகவில்லை. நிறுவனங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்த்து ஆள் எடுப்பதை நிறுத்தாத வரை, கல்வி அமைச்சகம் மட்டும் என்ன செய்துவிட முடியும்? நோய் பள்ளியில் தெரிந்தது, வேர் வேலைச் சந்தையில் இருந்தது.

ஒரு கொசுறு: அந்த டீமில் இருந்த ரொனால்ட் டோர் 1976-ல் 'பட்டயம் என்னும் நோய்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட நான்கு நாடுகளில் ஜப்பானும் இலங்கையும் உண்டு. வேலைக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்குத் தேர்வு வேண்டும், தேர்வு முன்னே வந்ததும் படிப்பு பின்னே போய்விடுகிறது என்பது அவர் வாதம். பிற்பாடு தொழில் வளர்ச்சிக்கு வந்த நாடுகளில் இந்த நோய் இன்னும் வேகமாகப் பரவும் என்றும் சொன்னார்.

வேல்ஸ்: சொன்னதைக் கேட்ட நாடு

மேலே சொன்னதெல்லாம் பழைய கதை. ரெவியூ முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் வேல்ஸைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஒரு பகுதி, சுமார் 31 லட்சம் மக்கள். 1999-லிருந்து பள்ளிக் கல்வி வேல்ஸின் சொந்தப் பொறுப்பு, லண்டன் தலையிடாது.

தனி வழி கிடைத்ததும் வேல்ஸ் இங்கிலாந்துக்கு எதிர்த்திசையில் நடந்தது. பள்ளிகளுக்கு ரேங்க் போட்டு வெளியிடுவதை நிறுத்தியது. சிறு வயதுத் தேர்வுகளைப் படிப்படியாகக் கைவிட்டது. ஆசிரியர்களுக்குச் சந்தோஷம்.

பிறகு வந்தது பிசா. சாப்பிடும் பீட்சா இல்லை. ஓஇசிடி நடத்தும் சர்வதேசத் தேர்வு. 15 வயது மாணவர்களின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறனை அளப்பது. 2010 டிசம்பரில் வெளியான முடிவில் வேல்ஸ் மூன்றிலும் சரிந்திருந்தது. பிரிட்டனின் நான்கு பகுதிகளில் கடைசி. அப்போதைய கல்வி அமைச்சர் லெய்டன் ஆண்ட்ரூஸ் பூசி மெழுகவில்லை. மெத்தனமாக இருந்த அமைப்புக்கு இது எச்சரிக்கை மணி என்றார். அடுத்து அதிரடி: இருபது அம்சத் திட்டம், பள்ளிகளைத் தரம்வாரியாகப் பிரிப்பது, மீண்டும் தேசிய வாசிப்பு, எண்ணறிவுத் தேர்வுகள். 2013 டிசம்பரில் அடுத்த பிசா முடிவு வந்தது. கணிதமும் அறிவியலும் இன்னும் இறங்கியிருந்தன.

இந்தப் பின்னணியில்தான் வேல்ஸ் ஓஇசிடியைக் கூப்பிட்டது. 2014 ஏப்ரலில் ரிப்போர்ட் வந்தது. நல்லது முதலில்: எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகைப் பள்ளியில் சேர்க்கும் அமைப்பு நியாயமானது, வகுப்பறைகளில் ஆசிரியர், மாணவர் உறவு நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்து வந்தது அடி. அடிப்படைத் திறனே இல்லாத மாணவர்கள் அதிகம். மாணவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் தெளிவில்லை. ஆசிரியர் பயிற்சி போதாது. எல்லாவற்றுக்கும் மேலே, சீர்திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன, நீண்டகாலப் பார்வை என்று ஒன்றும் இல்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். அமைச்சகம் காசு கொடுத்துக் கூப்பிட்டவர்கள், அந்த அமைச்சகத்தின் பரபரப்பையே கோளாறு என்று சொன்னார்கள். ஆசிரியர் சங்கம் இதையே சொல்லியிருந்தால், 'வேலை செய்ய மனமில்லாமல் புலம்புகிறார்கள்' என்று கடந்து போயிருப்பார்கள். வெளி டீம் சொன்னதால் கடந்து போக முடியவில்லை.

வேல்ஸ் கேட்டது. நிஜமாகவே கேட்டது. ஸ்காட்லாந்தின் பள்ளி ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கிரகாம் டொனால்ட்சனைப் பிடித்துப் பாடத்திட்டத்தைப் புதிதாக யோசிக்கச் சொன்னார்கள். 2015 பிப்ரவரியில் அவர் அறிக்கை தந்தார். தனித்தனிப் பாடங்களுக்குப் பதிலாக ஆறு கற்றல் களங்கள், மாணவர் எப்படிப்பட்டவராக உருவாக வேண்டும் என்கிற நான்கு நோக்கங்கள். 2017-ல் ஓஇசிடி திரும்ப வந்து பார்த்துவிட்டு, துண்டு துண்டான குறுகிய காலக் கொள்கையிலிருந்து வேல்ஸ் நீண்டகாலப் பார்வைக்கு நகர்ந்திருக்கிறது என்று மெச்சியது. 2018-ல் நடந்த பிசாவில் கணிதம் 487 புள்ளிக்கு ஏறியது, நம்பிக்கை வந்தது. அமைச்சர்கள் மாறினார்கள், ஆளும் கட்சிக்கு வெளியே இருந்தும் ஒருவர் கல்வி அமைச்சரானார், பாதை மாறவில்லை. 2021-ல் சட்டம். 2022 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் வகுப்பறைக்குள் வந்தது.

அடுத்த பிசா முடிவு 2023 டிசம்பரில் வெளியானது. கணிதம் 487-லிருந்து 466. வாசிப்பு 483-லிருந்து 466. அறிவியல் 488-லிருந்து 473. பிசாவில் சுமார் 20 புள்ளி என்பது தோராயமாக ஓராண்டுப் படிப்புக்குச் சமம் என்பது ஓஇசிடியின் கணக்கு. கோவிட் எல்லோரையும்தான் இறக்கியது, ஆனால் வேல்ஸ் சராசரியைவிட அதிகம் இறங்கியது. மூன்றிலும் பிரிட்டனில் மறுபடி கடைசி.

அடுத்த சில மாதங்களில், 2024 மார்ச்சில், லண்டனின் நிதி ஆய்வுக் கழகம் ஒரு கணக்கு போட்டுக் காட்டியது. இங்கிலாந்தின் ஏழை மாணவர்கள் எடுத்த மதிப்பெண், வேல்ஸின் எல்லா மாணவர்களும் சேர்ந்து எடுத்த சராசரிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது! வறுமையை மட்டும் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது, கொள்கையைப் பாருங்கள் என்றது அந்த ஆய்வு.

அப்படியானால் ஓஇசிடி சொன்னது தப்பா?

அவசரப்பட்டு 'ஆமாம்' என்று சொல்ல முடியாது. 2022-ல் பிசா எழுதிய 15 வயதினர் புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் இல்லை. அது அப்போதுதான் கீழ் வகுப்புகளில் தொடங்கியிருந்தது. அதில் படித்தவர்கள் எழுதும் புதிய பொதுத் தேர்வு முடிவுகளே 2027-ல்தான் வர இருக்கின்றன. பிசா இனி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதால், அவர்களைச் சரியாக அளக்கும் சுற்று 2029-ல்தான். 2014-ல் எழுதிய மருந்துச் சீட்டுக்கு 2029-ல் ரத்தப் பரிசோதனை. இடையில் எத்தனை அமைச்சர்கள், எத்தனை தேர்தல்கள்!

அதற்காக ஓஇசிடியை முழுவதும் விட்டுவிடவும் முடியாது. வேல்ஸ் போன வழி, ஸ்காட்லாந்து முன்பே போன வழி. அங்கேயும் பிசா மதிப்பெண்கள் ஏறிவிடவில்லை. 'பார்வை நன்றாக இருக்கிறது, செயல்படுத்துவதில் கவனம் தேவை' என்கிற தொனியில் 2021-ல் ஸ்காட்லாந்துக்கும் ஒரு ரிப்போர்ட் வந்தது. பாடத்திட்டம் ஒரு பக்கமும் மேல்வகுப்புத் தேர்வுகள் இன்னொரு பக்கமும் இழுக்கின்றன என்று அது சுட்டிக்காட்டியதும் தேர்வு வாரியத்தையே மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. அதற்கான சட்டம் நிறைவேற 2025 ஆகிவிட்டது. அந்த ரிப்போர்ட் வெளியான நேரமும் சர்ச்சையானது. 2021 மே மாதம் தேர்தல், ஜூனில் ரிப்போர்ட். வரைவைத் தேர்தலுக்கு முன்பே காட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் எவ்வளவோ கேட்டும் நடக்கவில்லை. வெளி டீமின் நடுநிலை ஒரு பக்கம். அதை எப்போது வெளியே விடுவது என்கிற உள்ளூர் அரசியல் இன்னொரு பக்கம்.

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்றும் உண்டு. தேர்வு வைப்பது ஓஇசிடி. மார்க் குறைந்ததும் பதறி ஓடி வரும் நாட்டுக்கு ரெவியூ செய்வதும் ஓஇசிடி. மருந்து எழுதுவது, பிறகு மருந்து வேலை செய்ததா என்று அதே தேர்வை வைத்துப் பார்ப்பது, எல்லாம் ஒரே கை. 2014 மே மாதம் பல நாட்டுக் கல்வியாளர்கள் ஓஇசிடியின் கல்வித் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஷ்லைஷருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் கார்டியன் நாளிதழில் வெளியானது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் ரேங்க் பட்டியலைப் பார்த்து அரசுகள் அவசர மருந்து தேடுகின்றன, அளக்க முடியாத கல்வி நோக்கங்கள் ஓரங்கட்டப்படுகின்றன என்பது அவர்கள் புகார். அந்தப் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2014 ரிப்போர்ட்டில் வேல்ஸுக்குக் கிடைத்த அறிவுரையே 'அவசரத்தைக் குறையுங்கள்' என்பதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியா இந்த வரிசையில் ஒரே ஒருமுறை நின்று பார்த்தது. பிசாவின் 2009 சுற்றின் நீட்சியாக 2010-ல் நடந்த தேர்வில் இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன: இமாச்சலப் பிரதேசமும் தமிழ்நாடும். 2011 இறுதியில் முடிவு வந்தது. மொத்தம் 74 இடங்களில் தமிழ்நாடு 72. வாசிப்பில் 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. தமிழ்நாட்டு மாணவர்களில் வாசிப்பில் குறைந்தபட்சத் திறன் எட்டியவர்கள் சுமார் 17 சதவீதம், கணிதத்தில் 15 சதவீதம்.

கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது டெல்லி சொன்ன விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் எந்தக் கேள்வி பொருந்தவில்லை, எது பொருந்தியும் பதில் வரவில்லை என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு ரெவியூ கேட்டிருக்கலாம். அதற்கு ஓஇசிடி உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிற கட்டாயமும் இல்லை. உறுப்பினர் அல்லாத கஜகஸ்தான், இந்தோனேசியா, தாய்லாந்து எல்லாம் 2014-லிருந்து 2016-க்குள் தங்கள் கல்வி அமைப்பைத் திறந்து காட்டி ரிப்போர்ட் வாங்கிக்கொண்டன.

இந்தியா அடுத்தடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ளவில்லை. 2019-ல் மறுபடி சேர ஒப்பந்தம் போட்டது. இந்த முறை மாநிலங்கள் இல்லை, சண்டிகரும் கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளும் மட்டும். கோவிட்டால் 2021 சுற்று 2022-க்குத் தள்ளிப்போனது. அதிலும் இந்தியாவின் பெயர் இல்லை.

2010-ல் அந்தத் தேர்வை எழுதிய தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இப்போது வயது முப்பது ஆகிவிட்டது. இதை மொபைலில் படித்துக்கொண்டிருப்பவர்களில் சிலர்கூட அன்று அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து எழுதியவர்களாக இருக்கலாம்.